மறுபாதியைத் தறி பார்த்துக்கொள்ளும்

1

போன செவ்வாய்க்கிழமையோடு நான் இந்த நாட்டுக்கு வந்து எட்டு வருடம் முடிந்தது. இங்கே இருக்கும் நம்மவர்கள் சிலர் இப்படிப்பட்ட நாளில் நாலு பேரைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுகிறார்கள். எனக்குக் கூப்பிட நாலு பேர் இல்லை. வேலையிலிருந்து வந்து, ஒரு முட்டையை வேகவைத்துத் தின்றுவிட்டு, கதவடியில் கிடந்த தபாலை எடுத்தேன்.

கமலாவிடமிருந்து வந்திருந்தது. கமலா என் மனைவி. காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. எங்கள் மகள் வசந்தி அவளோடு இருக்கிறாள், அதே பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். ஏழு வயது முடிந்து எட்டு நடக்கிறது. நான் புறப்பட்டு வந்து நாலு மாதம் கழித்துப் பிறந்தவள். அவளை நான் இன்னும் நேரில் பார்த்ததில்லை.

கமலா வழக்கமாக நீல நிற விமானக் கடிதத்தில்தான் எழுதுவாள். இந்த முறை கனமான பழுப்பு உறை. பிரித்தால், போன மாதம் நான் அனுப்பிய இரண்டு தாள்களும் திரும்பி வந்திருந்தன. ஒன்று, அவளும் குழந்தையும் இங்கே வருவதற்காக நான் பூர்த்தி செய்து அனுப்பிய பாஸ்போர்ட் விண்ணப்பம். இன்னொன்று, நான் வரைந்த ஒரு படம். விண்ணப்பத்தில் அவள் கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது. இரண்டு தாளிலும் சிவப்பு மையில் திருத்தியிருந்தாள்.

இந்த எட்டு வருடத்தில் எத்தனையோ பேர் என் வேலையைத் திருத்தியிருக்கிறார்கள். எவரும் என்னை இப்படி உட்கார வைத்ததில்லை. ஊரில் இருக்கும் உங்களிடம் சொன்னால் மனசு ஆறும்போல இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

2

நான் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே, கம்பளி ஆலைகள் உள்ள ஒரு ஊர். பிஸ்கட் பெட்டி, சோப்புக் காகிதம், தேயிலைப் பொட்டலம் இவற்றின் முகப்பை வடிவமைத்துக் கொடுக்கும் அலுவலகத்தில் வேலை. காலை ஆறரைக்கு எழுந்து, ரொட்டியை வாட்டி, ஊறுகாய் தடவி மென்றுகொண்டே பேருந்துக்கு ஓடுவேன். ஊறுகாய் வாசனை அலுவலகம் வரை வந்துவிடக் கூடாது என்று வழியில் ஒரு மிட்டாய் போட்டுக்கொள்வேன். இது ஐந்து வருடப் பழக்கம்.

பேருந்தில் டிக்கெட் கொடுக்கும் அம்மாள் எல்லோரையும் 'லவ்' என்று கூப்பிடுவாள். இந்தப் பக்கத்தில் அது நம் ஊர் 'கண்ணு' மாதிரி, கிழவன் குமரன் வித்தியாசம் கிடையாது. வந்த புதிதில் முதல் முறை கேட்டபோது நான் காது வரைக்கும் சிவந்து, சில்லறையைக் கீழே கொட்டிவிட்டேன். வேடிக்கையாக இருக்கட்டும் என்று கமலாவுக்கு எழுதினேன். அவள் பதிலில் வேறு எதையும் கேட்கவில்லை. "அந்தம்மாவுக்கு வயசு இன்னா?" என்று மட்டும் கேட்டிருந்தாள்.

வாரநாட்கள் எப்படியோ ஓடிவிடும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அலுவலகத்தில் 'வருகிறேன்' என்று சொன்னால், திங்கட்கிழமை காலை பேருந்தில்தான் மறுபடி வாயைத் திறக்கிறேன். குரல் கட்டிக்கிடக்கும். போகிற இடத்தைச் சொல்வதற்கு முன்னால் இரண்டு முறை செருமிக்கொள்ள வேண்டியிருக்கும். தமிழ் பேச ஆள் இல்லை. பால் பொங்கி வழிந்தால் மட்டும் அடுப்பைத் தமிழில் திட்டுகிறேன், அதுவும் எங்கள் ஊர்த் தமிழில். திட்டி முடித்ததும் அறை முன்னைவிட அமைதியாகிவிடுகிறது.

3

படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் என் பழைய வேலையைச் சொல்லியாக வேண்டும்.

காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் சங்கத்தில் நான் பதினோரு வருடம் டிசைன் போடுகிறவனாக இருந்தேன். ஐயம்பேட்டையிலிருந்து சைக்கிளில் வருவேன். பட்டுப் புடவைக் கரையில் வரும் மயில், அன்னம், கோபுரம் எல்லாம் முதலில் கட்டம் போட்ட தாளில் பிறக்கின்றன. எந்தக் கட்டத்தில் சிவப்பு மை நிரப்புகிறோமோ அங்கே ஜரிகை மேலே தெரியும். அந்தத் தாளைப் பார்த்து அட்டையில் ஓட்டை குத்துவார்கள். அட்டைகளைக் கோத்துத் தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் மாட்டினால், எந்த இழை எழ வேண்டும், எது தாழ வேண்டும் என்று பெட்டி பார்த்துக்கொள்ளும்.

இதில் ஒரு சௌகரியம் உண்டு. இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கிற உருவம் என்றால் நாங்கள் பாதிதான் வரைவோம். எதிரெதிரே பார்க்கும் இரண்டு மயில் வேண்டுமா, ஒரு மயில் போதும். கோபுரம் வேண்டுமா, இடது பாதி போதும். நடுக்கோடு வந்ததும் பேனாவை மூடிவிடலாம். மறுபாதி தானாக விழும்படி தறியில் நூலைத் திருப்பிக் கட்டியிருப்பார்கள்.

இதை எனக்குச் சொன்னவன் வெங்கடேசலு. என் வயதுக்காரன், எதிர் மேசையில் உட்காருகிறவன், வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசுகிறவன். நான் வேலையில் சேர்ந்த முதல் வாரம், இரண்டு நாள் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒரு முழுக் கோபுரத்தை முடித்து அவனிடம் பெருமையாக நீட்டினேன்.

"இன்னாபா, முழுசும் போட்டுக்கினு குந்திக்கினு இருந்தியா ரெண்டு நாளா?" என்றான். "பாதியப் போட்டுட்டுக் கையக் கழுவிக்கினு டீ குடிக்கப் போ. மீதியத் தறி பாத்துக்கும்."

பதினோரு வருடம் அப்படியே செய்தேன். கை பழகிவிட்டது. நடுக்கோட்டைத் தொட்டதும் தானாக நின்றுவிடும்.

சங்க வேலை போக, ஜவுளிக் கடைகளுக்குப் புடவைப் பெட்டியின் மேல்மூடி வரைந்து கொடுத்தேன். வாலாஜாபாத்தில் ஒரு அரிசி மில்லுக்கு மூட்டையில் அடிக்கிற முத்திரை போட்டேன். அதில்தான் எனக்கு ஆசை பிடித்தது. புடவையைக் கட்டுகிறவள் ஒருத்தி. பெட்டி மூடியை ஊரே பார்க்கிறது. எழுத்தை எங்கே வைப்பது, படத்தை எவ்வளவு பெரிதாகப் போடுவது என்பதற்கெல்லாம் படிப்பு இருக்கிறது, வெளிநாட்டில் பல்கலைக்கழகத்திலேயே சொல்லித் தருகிறார்கள் என்று ஒரு பத்திரிகையில் படித்தேன். உதவித்தொகைக்கு விண்ணப்பித்துவிட்டு, கிடைக்காது என்று நிம்மதியாக இருந்தேன்.

4

கல்யாணமாகி ஐந்து வருடம் எங்களுக்குக் குழந்தை இல்லை. திருப்புட்குழிக் கோயிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. வறுத்த பயற்றை நனைத்துக் கொடுப்பார்கள். குழந்தை வேண்டுகிற பெண் அதை மடியில் கட்டிக்கொண்டு படுக்க வேண்டும். விடியும்போது முளை விட்டிருந்தால் குழந்தை உண்டு. வறுத்த பயறு எங்கே முளைக்கப்போகிறது என்று நான் சிரித்தேன். கமலா என்னைப் பேருந்தில் ஏற்றி அழைத்துப்போய், கட்டிக்கொண்டு வந்தாள். காலையில் முளைத்ததா என்று கேட்டேன். "சிரிச்சவங்களுக்கெல்லாம் சொல்ல முடியாது" என்று மடியை உதறிக்கொண்டு போய்விட்டாள். இன்று வரைக்கும் சொல்லவில்லை.

அடுத்த வருடம் அவள் மூன்று மாதக் கர்ப்பமாக இருந்தபோது உதவித்தொகைக் கடிதம் வந்தது. அறுபத்தொன்பதாம் வருடம். மூன்று வருடப் படிப்பு. நான் கடிதத்தை இரண்டு நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். துவைக்க எடுத்த அவள்தான் கண்டுபிடித்தாள்.

"போங்க" என்றாள். "இத்த வுட்டுட்டு இங்க இருந்தா, ஒவ்வொரு நாளும் என்னியும் புள்ளையயும் பாத்து மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு இருப்பீங்க. மூணு வருசம்தானே. ஆனா மூணுன்னா மூணு. மூணே கால்னு வந்து நிக்கக்கூடாது."

நான் தலையாட்டினேன். காஞ்சிபுரம் ஸ்டேஷனில் அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். வெங்கடேசலு என் பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டு, "வீட்ட நான் பாத்துக்கறேன்டா, நீ நடுக்கோடு வரைக்கும் போய்ட்டு வா" என்றான்.

5

வகுப்பில் எல்லோருக்கும் பதினெட்டு, பத்தொன்பது வயது. எனக்கு முப்பத்திரண்டு. பாடம் நடத்திய பார்லோ என்பவருக்கே என்னைவிட நாலு வயது குறைவு. தோள்வரை முடி வளர்த்திருந்தார். நான் அவரை 'சார்' என்று எழுந்து நின்று கூப்பிட, பிள்ளைகள் சிரிப்பார்கள். அவர்கள் அவரைப் பெயர் சொல்லி அழைத்தார்கள். என் நாக்கு அதற்கு வளையவே இல்லை.

முதல் பருவத்தில் பால் குடிப்பதை வலியுறுத்தி ஒரு சுவரொட்டி செய்யச் சொன்னார். நான் நேராக நம்மைப் பார்க்கும் ஒரு பசுவின் முகத்தை எடுத்துக்கொண்டேன். ஒரு கொம்பு, ஒரு காது, ஒரு கண், பாதி மூக்கு. நடுக்கோடு வந்தது. கை நின்றது. பேனாவை மூடிவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், வேலை முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

மறுநாள் எல்லோரும் தங்கள் சுவரொட்டியைச் சுவரில் குத்தி நிறுத்தினார்கள். இருபது முழுச் சுவரொட்டிகளுக்கு நடுவே என் பாதிப் பசு நின்றது. வலது பாதி வெறும் வெள்ளைத் தாள். அப்போதுதான் உறைத்தது. இங்கே மறுபாதியைப் போட்டுக்கொள்ளத் தறி இல்லை.

பார்லோ என் தாளின் முன்னால் வெகுநேரம் நின்றார். "ஏன் பாதி?" என்றார். நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு பெண், "அந்த வெள்ளைதான் பால்" என்றாள். வகுப்பு முழுவதும் ஒரு 'ஆ' எழுந்தது. "துணிச்சலான வெற்றிடம்" என்றார் பார்லோ. என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அந்தப் பருவத்தில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்கு. வெங்கடேசலுவுக்கு மட்டும் உண்மையை எழுதினேன். "பாதி மாட்டுக்கு முழு மார்க்கா? இங்க பாதி மாடு போட்டா தறிக்காரன் அடிக்க வருவான்டா, நீ அங்கயே இரு" என்று பதில் போட்டான். விளையாட்டுக்குத்தான் எழுதினான். ஆனால் அந்தத் தலையாட்டல்தான் எனக்கு இங்கே பிழைப்பாயிற்று. அதற்குப் பிறகு எதை வரைந்தாலும் பாதியைக் காலியாக விட ஆரம்பித்தேன். இன்றும் அலுவலகத்தில் ஒரு பெட்டியில் எதுவும் இல்லாத இடம் பெரிதாக இருந்தால், அது என் வேலை என்று தெரிந்துகொள்வார்கள்.

இரண்டாம் வருடம் இன்னொன்று நடந்தது. ஒவ்வொருவர் முகத்தையும் புகைப்படம் எடுத்து, நடுவில் வெட்டி, ஒவ்வொரு பாதியையும் அதன் பிரதிபலிப்போடு ஒட்டச் சொன்னார்கள். இரண்டு இடது பாதி ஒட்டினால் ஒரு ஆள், இரண்டு வலது பாதி ஒட்டினால் வேறு ஆள். என் இடதுகள் சேர்ந்து ஒரு தூங்குமூஞ்சி ஆனது. வலதுகள் சேர்ந்து ஒரு கோபக்காரன் ஆனான். யாருடைய முகமும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பதில்லை என்று கட்டுரை எழுதி, அதிலும் நல்ல மதிப்பெண் வாங்கினேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியாமல் நான் எதையும் செய்யவில்லை.

6

மூன்று வருடம் முடிந்தது. பட்டமும் கிடைத்தது. ஒரு வருட அனுபவம் இருந்தால் ஊரில் மதிப்பு என்று இந்த அலுவலகத்தில் சேர்ந்தேன். ஒரு வருடம் இரண்டாயிற்று. சங்கத்தில் என் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டான். திரும்பிப் போனால் பழைய நாற்காலிகூட இருக்காது என்பது ஒரு சாக்கு. பட்டம் வாங்கியவன் மறுபடி கட்டத்தில் மை நிரப்புவதா என்பது உள்ளே இருந்த காரணம். இதைக் கமலாவுக்கு எழுதவில்லை. அவளுக்கு எழுதாமலே தெரியும்.

இங்கே வந்துவிடு என்று கூப்பிட்டேன். "வந்து இன்னா பண்றது? நீங்க வேலைக்குப் போனப்புறம் ஜன்னலப் பாத்துக்கினு குந்திக்கினு இருக்கவா? இங்க எனக்கு நாப்பது புள்ளைங்க காத்துக்கினு இருக்குது" என்று எழுதினாள். ஒரு அறுவடை தப்பினால் என்ன கதி என்று பயந்துகொண்டே வாழ்ந்த குடும்பத்தில் முதல் முதலாக மாதச் சம்பளம் வாங்கியவள் அவள். அந்த வேலையை விடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் வருடத்துக்கு இரண்டு முறை சொன்னேன்.

வசந்திக்கு ஒரு வயதில் எடுத்த படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. மொட்டைத் தலை, கையில் கிலுகிலுப்பை. மூன்று வயதில் ஒன்று வந்தது. அத்தோடு சரி. நான் கேட்கக் கேட்கக் கமலா அனுப்பவில்லை. "போட்டோல பாத்துக்கினே இருந்தீங்கன்னா அதுவே போதும்னு ஆயிடும் உங்களுக்கு. பாக்கணும்னா நேர்ல வந்து பாருங்க." ஐந்து வருடமாக ஒவ்வொரு கடிதத்தின் கடைசி வரியிலும் நான் போட்டோ கேட்டேன். ஒவ்வொரு பதிலிலும் அந்த வரியை மட்டும் படிக்காதவள் மாதிரி இருந்தாள்.

குழந்தை எழுதப் பழகியதும் கடிதத்தின் ஓரத்தில் அவளுக்கு இரண்டு விரற்கடை இடம் கிடைத்தது. ஒரு முறை எழுதியிருந்தாள்: "அப்பா, உங்க வீட்ல நாய் இருக்குதா?" எனக்கு அறை வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரம்மாள் வளர்க்கும் நாயைப் பற்றி ஒரு பக்கம் பதில் எழுதி, உறையை ஒட்டிய பிறகுதான் 'உங்க வீட்ல' என்பது குத்தியது. பிள்ளைகள் அந்நிய தேசத்தில் வளர்ந்து அப்பாவைவிட்டு விலகிப் போகிறார்கள் என்று இங்கே இருக்கும் நம்மவர்கள் குறைப்படுகிறார்கள். என் பெண் சொந்த ஊரில், சொந்தத் தெருவில், என் மொழியைப் பேசிக்கொண்டே விலகிப் போய்க்கொண்டிருக்கிறாள். யாரைக் குறை சொல்வது?

7

முதல் வருடப் பயிற்சியைக் கழித்து, இந்தக் கோடையில் என் வேலை அனுமதிக்கு நாலு வருடம் நிறைந்தது. இனி இங்கேயே நிலையாகத் தங்க விண்ணப்பிக்கலாம் என்று குடியேற்ற அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அந்த அலுவலகத்துக்கு மூன்று முறை போனேன். முதல் முறை தவறான வரிசை. இரண்டாம் முறை என் பெயரில் எது குடும்பப் பெயர் என்று தீர்மானிக்க முடியாமல் அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் முறை அப்பா பெயரைச் சொன்னேன், அதை எழுதிக்கொண்டு அன்று முழுவதும் என்னை அப்பா பெயரால் கூப்பிட்டார்கள். கடைசியில் ஒரு படிவம் கொடுத்து, அது பூர்த்தியாகி அக்டோபர் கடைசிக்குள் வர வேண்டும் என்றார்கள். அதுவரை வெளிநாடு போகாமல் இருப்பது நல்லது என்றும் சொன்னார்கள்.

நிலையாக இருக்கப்போகிறேன் என்றால் அவர்கள் வந்தே ஆக வேண்டும். கமலா படிவத்தைத் தொடமாட்டாள் என்று தெரியும். வெங்கடேசலுவுக்கு எழுதினேன். அவன் மெட்ராஸ் போய் பாஸ்போர்ட் விண்ணப்பம் வாங்கி எனக்கு அனுப்பினான். "நீயே எழுதி அனுப்பு. கையெழுத்து போடறதும் போடாததும் உன் பொண்டாட்டி இஷ்டம்" என்றிருந்தான்.

அதே உறையில் ஒரு கட்டத்தாளும் இருந்தது. நடுவில் கோடு. கோட்டுக்கு இடப்பக்கம் சிவப்பு மையில் கட்டம் கட்டமாக நிரப்பி, சிரிக்கிற ஒரு சிறுபெண்ணின் பாதி முகம். கோட்டுக்கு அந்தப் பக்கம் வெறும் கட்டங்கள். "கமலா போட்டோதான் அனுப்பக்கூடாதுன்னுது. டிசைன் அனுப்பக்கூடாதுன்னு சொல்லல. மறுபாதி நீ போட்டு அனுப்பு, வசந்தி பாக்கணுமாம்" என்று கீழே எழுதியிருந்தான்.

அந்தப் பாதி முகத்தை நான் ஒரு வாரம் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கண். கமலாவின் கண். என் அம்மாவின் தாடை. காதில் சின்னத் தோடு. சமையல் செய்யும்போது எழுந்து வந்து பார்ப்பேன். சனிக்கிழமை மதியம் உட்கார்ந்தேன். மெல்லிய தாளை மேலே வைத்துப் பாதியைப் பிரதி எடுத்தேன். மடித்தேன். திருப்பி வலப்பக்கம் பதித்தேன். கட்டங்களை நிரப்பினேன். முகம் முழுதாயிற்று. அழகாகவே இருந்தது.

சந்தோஷமாக விண்ணப்பத்தையும் அதே மேசையில் பூர்த்தி செய்தேன். கமலாவின் பாஸ்போர்ட்டிலேயே குழந்தையையும் சேர்ப்பதற்கு ஒரு பகுதி. பெயர், பிறந்த நாள், பிறந்த ஊர். கடைசியாக ஒரு கட்டம்: உடலில் காணக்கூடிய அடையாளங்கள். தெளிவான கையெழுத்தில், 'ஏதுமில்லை' என்று எழுதினேன்.

8

செவ்வாய்க்கிழமை உறைக்கு வருகிறேன்.

விண்ணப்பத்தில் 'ஏதுமில்லை' என்பதன் மேல் ஒரு சிவப்புக் கோடு. பக்கத்தில் கமலாவின் கையெழுத்து: 'இடது புருவத்துக்கு மேல் தழும்பு. மூன்று தையல்.'

படத்தில், நான் நிரப்பிய வலது பாதியில், அதாவது அவளுக்கு இடப்பக்கத்தில், புருவத்துக்கு மேலே ஒரு சிவப்புச் சாய்கோடு. நான் போட்ட முன்பற்களில் ஒன்றைப் பென்சிலால் கறுப்பாக்கி, பெரிய எழுத்தில் வசந்தி எழுதியிருந்தாள்: "எனக்கு இங்க பல்லு இல்ல. விழுந்துடுச்சி." அதற்குக் கீழே: "இது நான் இல்ல. ஆனா நல்லா இருக்குது."

கமலாவின் கடிதம் சின்னது. பிள்ளைகளுக்கு இலக்கணம் நடத்துகிறவள், எனக்கு எழுதும்போது மட்டும் பேசுகிற மாதிரியே எழுதுவாள்.

"ரெண்டு வருசத்துக்கு முன்ன அடிபம்புகிட்ட வழுக்கி உழுந்துட்டா. ரத்தம் நிக்கல. வெங்கடேசலு அண்ணன்தான் தூக்கிக்கினு ஓடினாரு. தையல் போடும்போது அப்பா எங்கன்னு கேட்டாங்க. சீமையிலன்னு சொன்னேன். உங்களுக்கு எழுதல. எழுதியிருந்தா ஒரு வாரம் தூங்கியிருக்க மாட்டீங்க. அப்புறம் இன்னா பண்ணியிருப்பீங்க? ஒரு கடுதாசி போட்டிருப்பீங்க. கையெழுத்து போட எனக்கு எவ்ளோ நேரம் ஆவும்? ஆனா ஒண்ணு கேக்கறேன். நாங்க அங்க வந்து எறங்கினா, கூட்டத்துல இவ யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

கடிதத்தின் அடியில் வெங்கடேசலு இரண்டு வரி எழுதியிருந்தான். "வேணும்னுதான்டா தழும்பு இல்லாத பக்கமாப் பாத்துப் போட்டேன். மீதி எனக்குத் தெரியல, எப்படி இருக்குதுன்னு சொல்லுன்னு நீ கேப்பேன்னு நெனச்சேன். நீ மடிச்சி எடுத்துட்டே."

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. என் குழந்தைக்கு ரத்தம் வந்ததை என்னிடம் மறைக்க இவர்கள் யார் என்று அறைக்குள் நடந்தேன். கொஞ்ச நேரத்தில் கோபம் நிற்க இடமில்லாமல் போயிற்று. எந்த முகமும் இரண்டு பக்கமும் ஒன்றில்லை என்று கட்டுரை எழுதியவன் நான். பெற்ற பெண்ணின் முகத்தை மடித்து எடுத்தேன். எனக்குத் தெரியாத பக்கம் ஒன்று அவளுக்கு இருக்கும் என்றே தோன்றவில்லை. அவள் விழுந்ததும், பல் ஆடியதும், எழுதப் பழகியதும் எல்லாம் அந்தப் பக்கத்தில் நடந்தன. நான் இங்கே பாதியைப் போட்டுக்கொண்டிருந்தால் போதும், மீதியை ஊர் போட்டுக்கொள்ளும் என்று எட்டு வருடம் இருந்துவிட்டேன். அழுதேன். வீட்டுக்காரம்மாளின் நாய் கதவைப் பிராண்டியது.

மறுநாள் அலுவலகத்தில் இரண்டு மாத விடுப்புக் கேட்டேன். மேலதிகாரி நல்ல மனிதர். "தங்குவதற்கான படிவம் கொடுத்துவிட்டாயா? கொடுக்காமல் போனால் திரும்ப வருவது சிக்கலாகலாம், தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். படிவம் பூர்த்தி செய்யாமல் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. திரும்பி வருவேனா என்று எனக்கே தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. ஊரில் என்ன வேலை பார்ப்பேன், கமலா என்னை எப்படிப் பார்ப்பாள், அந்தப் பெண் என்னை என்னவென்று கூப்பிடுவாள்?

புதிதாக ஒரு கட்டத்தாள் எடுத்து, வெங்கடேசலு போட்ட இடது பாதியை மட்டும் அப்படியே பிரதி செய்துகொண்டேன். நடுக்கோட்டில் நிறுத்தினேன். அதைச் சுருட்டிப் பெட்டியில், சட்டைகளுக்கு மேலே வைத்திருக்கிறேன். வலது பாதியை அவளை எதிரில் உட்கார வைத்துத்தான் போட வேண்டும். உட்காருவாளோ என்னவோ.

நேற்றுக் கமலாவுக்கு எழுதினேன். ஐந்து வருடத்தில் முதல் முறையாக போட்டோ கேட்கவில்லை. செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் வரும் ரயில் இப்போதும் பழைய நேரத்துக்குத்தானா என்று கேட்டிருக்கிறேன். வசந்தியை ஸ்டேஷனுக்கு அழைத்து வர வேண்டாம் என்றும் எழுதினேன். நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுகிறேன். மணி அடித்து அத்தனை பிள்ளைகளும் வெளியே வரட்டும். வாசலில் நின்று, தழும்பைத் தேடாமல், அவளைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறேன்.